"பகிடியைப் பகிடியாய் எடு" என்கிறார் கணவர்

வாசகி ஒருவரின் கடிதம் (சுருக்கப்பட்டது):

நாங்கள் கல்லடியில் இருக்கிறோம். மகள் தரம் 8, மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு மகனைச் சந்தோஷப்படுத்த எல்லாருமாகப் படம் பார்க்கப் போனோம். "குடும்பத்தோடு சிரிக்க" என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். சென்னைக் குடும்பம் ஒன்று ஆபிரிக்காவுக்குச் சுற்றுலா போய் மாட்டுப்படுகிற கதை. இரண்டரை மணித்தியாலமும் ஒரே பகிடிதான். அங்குள்ள ஆட்களின் நிறம், உதடு, அவர்கள் சாப்பிடுகிற சாப்பாடு. ஆளைப் போட்டு அவிக்கிற பானைகூட வந்தது. நடுவில் இலங்கைத் தமிழர் என்று ஒருவர் வந்து, இந்த நாட்டில் எவரும் பேசாத ஒரு தமிழைப் பேசி, அடிவாங்கிவிட்டுப் போகிறார். கணவரும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அவள் கொஞ்சம் கறுப்பு. வீட்டில் செல்லமாகக் "கறுவல்" என்றுதான் கூப்பிடுவோம்.

அடுத்த கிழமை மகனின் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த வகுப்பில் ஒரு பறங்கிப் பிள்ளை படிக்கிறான். பாடசாலைக் கலைவிழாவில் தன் சொந்தக்காரப் பிள்ளைகளோடு அவர்கள் சமூகத்து நடனமான கஃப்ரிஞ்ஞாவை ஆடியவன். என் மகன் அவனைப் படத்தில் வந்த ஒரு பெயரால் கூப்பிட்டு, அந்த ஆட்டத்தையும் ஆடிக் காட்டியிருக்கிறான். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளை சில நாள் பாடசாலைக்கே வரவில்லையாம்.

கணவரிடம் சொன்னால், "பகிடியைப் பகிடியாய் எடு" என்கிறார். அவர் யாழ்ப்பாணப் பக்கம். கலியாணம் முடித்ததில் இருந்து அவருடைய ஆட்கள் என்னைப் "பாயோட ஒட்ட வைச்சவள்" என்று பகிடி பண்ணுகிறார்கள், "நீயும் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறாய், அதுமாதிரி இதையும் விடு" என்கிறார். இப்போது மகள் முகம் வெள்ளையாவதற்குக் கிறீம் கேட்கிறாள். இப்படியான படங்களை வீட்டில் முழுதாக நிறுத்திவிடவா? நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில் தருகிறவர்: உளவளத்துணையாளர், மட்டக்களப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. ஒரு பிள்ளை வகுப்புக்கு வராமல் நின்றிருக்கிறான். இன்னொரு பிள்ளை தன் முகத்தின் நிறத்தை மாற்ற வழி கேட்கிறாள். இதைவிடப் பெரிதாக வேறென்ன நடக்க வேண்டும்?

படத்தின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் இங்கே போடவில்லை, இலவச விளம்பரம் எதற்கு. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அதைச் செய்தவர்களின் முதல் குற்றம் சோம்பல். ஒரு பாத்திரத்துக்குக் குணம் எழுதி, அந்தக் குணத்தாலேயே அது வம்பில் மாட்டி, அதில் இருந்து சிரிப்பு வர வேண்டும் என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒரு ஆளின் நிறத்தைக் காட்டினால் அந்த வேலை மிச்சம். இந்தக் குறுக்குவழியைத் தமிழ்ப் படம் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1830களிலேயே வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைப் போல ஆடிப் பாடிக் காசு பார்த்தார்கள். சினிமா பேசத் தொடங்கியபோது அந்தக் கரியும் கூடவே வந்தது. 1927இல் வெளியாகிப் பேசும்படக் காலத்தைத் தொடக்கிவைத்த அமெரிக்கப் படத்தின் நாயகனே கரி பூசிக்கொண்டுதான் மேடையில் பாடுகிறார். நம் பக்கத்தில் 2007இல் வந்த ரஜினிகாந்தின் 'சிவாஜி' உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாரி வள்ளலின் மகள்மார் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அங்கவை, சங்கவையின் பெயர்களை இரண்டு பெண்களுக்கு வைத்து, அவர்களுக்குக் கறுப்புச் சாயம் பூசிச் சிரிக்க வைத்தார்கள். அதையும் குடும்பம் குடும்பமாகத்தான் போய்ப் பார்த்தோம்.

"குடும்பத்தோடு" என்பதை நம்பிப் போனது உங்கள் பிழை இல்லை. இன, மதக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ பேச்சோ வரக்கூடாது என்று இந்தியத் தணிக்கைச் சபையின் வழிகாட்டலிலேயே ஒரு வரி இருக்கிறது. 2024இல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்தும் விட்டார்கள். ஆனால் கத்தரிக்கோல் முத்தத்துக்கும் இரத்தத்துக்கும் போகிற வேகத்தில் பகிடிக்குப் போவதில்லை. முத்தம் இல்லாவிட்டால் குடும்பப் படம், கணக்கு அவ்வளவுதான்.

சரி, படத்தை விடுவோம். எனக்கு அதைவிட அதைப் பார்த்த வீடுதான் முக்கியம்.

ஆட்களை இளக்காரம் பண்ணும் பகிடி என்ன செய்கிறது என்பதைப் பற்றி தொமஸ் ஃபோர்ட், மார்க் ஃபெர்குசன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் 2004இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெற்றோர் கூட்டங்களில் நான் அடிக்கடி சொல்வது அதைத்தான். மனதில் வெறுப்பு இல்லாத ஒருவரிடம் அப்படியான பகிடி புதிதாக வெறுப்பைக் கொண்டுவந்து வைத்துவிடாது. ஏற்கெனவே கொஞ்சம் இளக்காரம் உள்ளவருக்கோ அது அனுமதி கொடுக்கிறது. "இந்த இடத்தில் இப்படிச் சொல்லலாம், எவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்று தைரியம் வருகிறது. பகிடியாகச் சொன்னதைக் கேட்டு எவரும் முகம் சுளிக்காவிட்டால், அதுவே அந்த இடத்தின் சட்டமாகிவிடுகிறது.

இதை உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். பத்து வயதுப் பையன் படம் பார்க்கும்போது திரையை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற அப்பாவையும் பார்க்கிறான். அப்பா சிரித்தால் அது சிரிக்கிற விஷயம். அப்பா சிரிக்காமல் இருந்தால், அவனும் ஒருதரம் சிரித்துவிட்டு நிறுத்துவான். உங்கள் மகனுக்கு அனுமதி கொடுத்தது சென்னையில் இருக்கிற இயக்குநர் இல்லை, பக்கத்துக் கதிரையில் இருந்த தகப்பன். இதைக் குற்றம் சாட்டுவதற்குச் சொல்லவில்லை. அனுமதி கொடுத்தவர் வீட்டிலேயே இருப்பதால், அதைத் திரும்ப வாங்கவும் அவரால் முடியும். இயக்குநரிடம் போய் நாம் என்ன கேட்கிறது?

அதோடு, படம் வர முன்பே உங்கள் வீட்டில் நிறம் சிரிப்புக்குரிய விஷயமாக இருந்திருக்கிறது. "கறுவல்" என்று கூப்பிடுவதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அன்போடுதான் கூப்பிட்டிருப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் மகள் இருட்டில் உட்கார்ந்து, தன் நிறத்தில் இருக்கிற ஆட்களைத் தன் அப்பாவும் தம்பியும் பார்த்துச் சிரிப்பதை இரண்டரை மணித்தியாலம் கேட்டிருக்கிறாள். அன்பாகக் கூப்பிட்ட பெயரும் அந்தச் சிரிப்பும் அவளுக்குள் ஒன்றாகிப் போயிருக்கும். அந்தப் பெயரை இன்றோடு விடுங்கள். பெரிய அறிவிப்பு, மன்னிப்புக் கூட்டம் எல்லாம் வேண்டாம். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்குங்கள். அம்மம்மா, மாமா எல்லாரிடமும் தனியாகச் சொல்லிவையுங்கள். பழக்கதோஷத்தில் யாராவது கூப்பிட்டால், அவள் முன்னாலேயே நீங்கள் திருத்த வேண்டும். நீங்கள் திருத்துவதை அவள் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் இதை எவ்வளவு சின்ன வயதில் உள்வாங்குகிறார்கள் என்று 1940களில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி அமெரிக்காவில் காட்டினார்கள். ஒரே மாதிரியான இரண்டு பொம்மைகள், ஒன்று வெள்ளை, மற்றது மண்ணிறம். எது நல்ல பொம்மை, எது கூடாத பொம்மை என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். கறுப்புப் பிள்ளைகளிலேயே பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். பிறகு, உன்னைப் போல இருக்கிறது எது என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பாடசாலைகளில் நிறவாரியாகப் பிரித்துவைப்பது சட்டத்துக்கு மாறானது என்று 1954இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்த ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது. எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சுகளில் "பிள்ளை நிறம் எப்படி?" என்று கேட்கிறபோது, திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற பெண்பிள்ளைக்கு அந்தப் பொம்மைக் கேள்விதான் போய்ச் சேர்கிறது.

கிறீம் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெயர் தெரியாத, லேபலில் ஒழுங்கான விபரம் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின்படி பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் 2020க்குப் பிறகு தடை. ஆனாலும் இணையத்திலும் சில கடைகளிலும் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. "கூடாது" என்று மட்டும் சொல்லாமல் இந்தக் காரணத்தை அவளுக்குச் சொல்லுங்கள். தரம் 8 பிள்ளைக்கு விஞ்ஞானம் விளங்கும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டாம். "கறுப்பும் வடிவுதான்" என்று ஆறுதல் சொன்னால், அந்த "உம்"மில் அவள் மாட்டிக்கொள்வாள். அவள் நன்றாகச் செய்கிற ஏதோ ஒன்றைப் பற்றி, நிறத்தை இழுக்காமல், சாதாரணமாகக் கதைத்தால் போதும்.

இனிக் கணவர். இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம், மருந்து செய்து பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு நம் பாட்டன் காலத்துக்கும் முந்தியது. வடக்கில் இருந்து உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் வந்த ஆண்கள் இங்கேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டார்கள். நின்றதற்கு மந்திரம் எதுவும் வேண்டியதில்லை. வயல் இருந்தது, வாவியில் மீன் இருந்தது, தயிரும் தேனும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே தாய்வழிக் குடிமுறை. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். மருமகன் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உங்கள் கணவரும் அப்படித்தான் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே இருந்த தாய்க்கு, மகன் ஏன் திரும்பி வரவில்லை என்று ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. "அவனுக்கு அங்கே பிடித்துவிட்டது" என்று சொல்வதைவிட "மருந்து போட்டுவிட்டாள்" என்று சொல்வது சுலபம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே மட்டக்களப்பில் மகிடிக் கூத்தில் மந்திரவாதியாக வருகிறவர் யார்? மலையாளத்துக்காரர். அவர் வந்து ஊர் ஆட்களோடு மந்திரப் போட்டி போடுவதுதான் கூத்து. யாழ்ப்பாணத்தாருக்கு நாங்கள் மந்திரவாதி, எங்களுக்கு மலையாளத்தார். அவர்களுக்கும் யாரோ ஒருவர் இருப்பார். ஆனாலும் மகிடிக்கும் நீங்கள் பார்த்த படத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மகிடியில் மலையாளத்தாருக்கு வாய் இருக்கிறது, வித்தை இருக்கிறது. எங்கள் ஆட்கள் மந்திரத்தில் விழுந்து கிடப்பதைப் பார்த்தும் ஊர் சிரிக்கும். கூத்துகளில் வருகிற கட்டியகாரன் அரசனையே கிண்டல் பண்ணுவான். சிரிப்பு மேலேயும் போகும். அந்தப் படத்தில் ஆபிரிக்கருக்கு ஒரு முழு வசனமாவது இருந்ததா?

கணவரிடம் படத்தைப் பற்றி வாதாடாதீர்கள். பாய்ப் பகிடியைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, சண்டைக் குரல் இல்லாமல். "உங்கட ஆக்கள் அதைச் சொல்லேக்க நான் சிரிக்காமல் விட்டால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால் விடை அவருக்கே தெரியும். "பாரன், இவளுக்குப் பகிடியும் விளங்காது" என்பார்கள். "மட்டக்களப்பார் கோவக்காரர்" என்று அடுத்த பகிடி தொடங்கும். ஆகவே நீங்கள் சிரிக்கிறீர்கள். இத்தனை வருடம் நீங்கள் சிரித்தது அது நோகாததால் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நோகிறதா இல்லையா என்று அவருக்கு நீங்கள் இதுவரை சொன்னீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்காவிட்டால் இப்போது சொல்லுங்கள். உங்கள் மகனின் வகுப்பில் இருக்கிற பறங்கிப் பிள்ளை சிரித்துச் சமாளிக்கப் பழகவில்லை, வீட்டில் நின்றுவிட்டான். அவ்வளவுதான் உங்களுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் இரண்டு பக்கத்திலும் லண்டனிலோ கனடாவிலோ சொந்தம் இருக்கும், இல்லாத வீடு எது? அமெரிக்காவில் 'சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரில் அப்பு என்று ஒரு இந்தியக் கடைக்காரர் வருவார். அவருக்கு 1990இல் இருந்து குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்ற வெள்ளைக்கார நடிகர், இழுத்து இழுத்துப் பேசும் ஒரு இந்திய உச்சரிப்பில். தென்னாசியப் பிள்ளைகளைப் பாடசாலையில் அந்தப் பெயரால் கூப்பிட்டுக் கிண்டல் பண்ணினார்கள். 2017இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதற்கும் "பகிடியைப் பகிடியாய் எடு" என்றுதான் பலர் பதில் சொன்னார்கள். 2020இல் அசேரியா அந்தக் குரலைக் கொடுப்பதை நிறுத்தினார். உங்கள் மகன் வகுப்பில் செய்ததும், அங்கே நம் பிள்ளைகளுக்கு நடந்ததும் ஒன்றுதான். திரையில் வந்த பெயரை எடுத்து, பக்கத்து மேசைப் பிள்ளையின் தலையில் ஒட்டுவது. அங்கே இருக்கிற உங்கள் கணவரின் மருமக்களுக்கு இது நடந்தால் அவர் பகிடியாய் எடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் கொஞ்சம் இறங்கி வந்தபிறகுதான் மகனிடம் போக வேண்டும். அதுவும் அவர்தான் முதலில் கதைக்க வேண்டும். நீங்கள் ஏசி அவர் சும்மா இருந்தால், அம்மாவுக்குப் பிடிக்காத விஷயம், அப்பாவுக்குப் பரவாயில்லை என்று பையன் எடுத்துக்கொள்வான். "நானும் அண்டைக்குச் சிரிச்சனான், அது சரியில்லை" என்று தகப்பன் ஒருதரம் சொல்வது, நீங்கள் நூறுதரம் புத்தி சொல்வதற்குச் சமம்.

மகனோடு கதைக்கும்போது "இனவாதம்" மாதிரியான பெரிய சொற்கள் வேண்டாம். பத்து வயதுக்கு அது செய்திச் சொல், தனக்குச் சம்பந்தமில்லாதது. கேள்வி கேளுங்கள். அந்தப் படத்தில் வந்த ஆபிரிக்க ஆளுக்குப் பெயர் என்ன? அவருக்கு அம்மா இருந்தாரா, வீடு காட்டினார்களா? சென்னைக் குடும்பத்தில் நாய்க்குக்கூடப் பெயர் வைத்திருப்பார்கள், அவனே யோசித்துச் சொல்வான். அந்த இலங்கைத் தமிழர் பேசியது எங்கள் அம்மம்மா பேசுகிற மாதிரி இருந்ததா என்று கேளுங்கள். "இல்லை" என்பான், சிரிக்கவும் செய்வான். அப்படியானால் அந்த ஆபிரிக்கர் பேசியது மட்டும் உண்மையாக இருக்குமா என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை தானாக வந்து சேர்கிற இடத்தை நாம் முந்திக்கொண்டு கெடுத்துவிடக் கூடாது.

ஆபிரிக்கர் என்றால் படத்தில் வருகிறவர்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். போர்த்துக்கேயர் காலத்தில் இருந்து ஆபிரிக்காவில் இருந்து படைக்கும் வேலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் இருக்கின்றன. கலியாண வீட்டில் பைலா போட்டதும் எல்லாரும் எழும்பி ஆடுகிறோமே (யாழ்ப்பாணத்தாரும் ஆடத்தான் செய்கிறார்கள்), அந்தத் தாளத்தில் போர்த்துக்கேயரும் இருக்கிறார்கள், ஆபிரிக்கரும் இருக்கிறார்கள். உங்கள் மகன் ஆடிக் காட்டிக் கேலி பண்ணிய கஃப்ரிஞ்ஞா அதற்கு நெருங்கிய சொந்தம். அடுத்த கலியாணத்தில் அவனும் கிட்டத்தட்ட அதைத்தான் ஆடப்போகிறான்.

அந்தப் பறங்கிப் பிள்ளை எங்கிருந்தோ வந்தவன் இல்லை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறியும் ஆட்கள் போகவில்லை. கல்லடிக்குப் பக்கத்து டச்பாரிலும் மாமாங்கத்திலும் அவர்கள் வழிவந்தவர்கள் இருக்கிறார்கள். தச்சும் கொல்லும் தையலும் அவர்களின் கைத்தொழில். பழைய வீடுகள் பலவற்றின் கதவு, அலுமாரியில் அவர்கள் கை இருக்கிறது. சில வீடுகளில் வயதானவர்கள் இன்னும் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியைப் பேசுகிறார்கள். 2004 சுனாமியில் டச்பாரில் அந்தச் சமூகம் பட்ட அழிவை கல்லடியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகனுக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

மன்னிப்புக் கேட்க வேண்டும். மகன் தானே, நேரில், தகப்பனோடு போய். வகுப்பின் முன்னால் வேண்டாம், அது அந்தப் பிள்ளையை இன்னொருதரம் மேடையேற்றுவதாகும். எந்தப் பெயரால் கூப்பிட்டான் என்பதைத் திருப்பிச் சொல்லவும் கூடாது. "நான் செய்தது பிழை, இனிச் செய்யமாட்டேன்" போதும். அவன் உடனே சிரித்துக் கைகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "உங்கட நடனத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தா" என்று அவனை ஆசிரியராக்கவும் வேண்டாம். பிழை செய்தவனுக்குப் பாடம் எடுப்பது அவன் வேலை இல்லை. வகுப்பாசிரியையிடம் மட்டும் ஒன்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பேரையும் ஒரே அணியில் போட முடியுமா என்று. கிரிக்கெட்டோ குழுச் செயற்றிட்டமோ எதுவானாலும் சரி. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே சொன்ன விஷயம் இது. வேறுபட்ட குழுக்கள் சும்மா பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இளக்காரம் குறையாது. சமமான நிலையில், ஒரே இலக்குக்காக, பெரியவர்களின் ஆதரவோடு சேர்ந்து வேலை செய்தால்தான் குறையும். 1990களின் நடுவில் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகக் களிமண் பிசைந்ததும் கதை கட்டியதும் அந்த வழியில்தான்.

முஸ்லிம்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. ஆபிரிக்கரைப் பற்றிய படத்தைக் கண்டிப்பது எங்களுக்குச் சுலபம், அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். காத்தான்குடிப் பேச்சைப் பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரரான ஒருவர் தமிழ் வீடுகள் பலவற்றில் இருக்கிறார். தமிழரைப் பேசிக் காட்டுகிற ஒருவர் அந்தப் பக்கத்திலும் இருப்பார். தேத்தண்ணியோடு அது நடக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். 1990இல் நடந்த படுகொலைகளை இரண்டு பக்கமும் மறக்காத மாவட்டம் இது. பெரும்பாலான பிள்ளைகள் வேறுவேறு பாடசாலைகளில் படித்து, மற்றப் பக்கத்தைக் கடைத்தெருவில் மட்டும் கண்டு வளர்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பேசிக் காட்டல்தான் முதல் அறிமுகம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், மகனைத் திருத்துவதற்கு முன் அவரைக் கவனியுங்கள்.

படங்களை நிறுத்துவதா என்று கேட்டீர்கள். வேண்டாம், நிறுத்தவும் முடியாது. தியேட்டரில் இல்லாவிட்டால் யூடியூப்பில் அதே பகிடி துண்டு துண்டாக வரும், அதைத் தனியே பார்ப்பான். உங்களோடு பார்ப்பதே நல்லது. அடுத்த தடவை அப்படி ஒரு காட்சி வந்தால், உரை நிகழ்த்தாமல், "இதில என்ன பகிடி?" என்று ஒரு வரி கேளுங்கள். படமே பொறுக்க முடியாவிட்டால் இடைவேளையோடு எழும்பி வரலாம், டிக்கெட் காசு போனால் போகட்டும்.

மகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலுக்குப் பயந்து விளையாட்டை நிறுத்துவது, படம் எடுக்க முகம் கொடுக்காமல் இருப்பது, சாப்பாடு குறைவது, பாடசாலைக்குப் போகப் பஞ்சிப்படுவது, இவை இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடமோ, இல்லாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ கூட்டிப்போங்கள். காசு கட்டத் தேவையில்லை. இரவில் அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழைக்கலாம், தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரில் போகும்போது தகப்பனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். கேட்க முன்பே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.